நிலாவைப் பாடுமுன் நிமிர்ந்து பார்மின்!

முழுநிலாவும் வெள்ளிக்கிழமையும் ஒன்றாய் வாய்க்கும் நாளில், சென்னைக்கு மேற்கேயுள்ள திருமுல்லைவாயில் மக்கள் வெள்ளத்தில் மூழ்கும். மேலூர்த் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் ஆகிய மூவரையும் அந்த ஒரே நாளில் கண்டு வணங்குவது வடதமிழகத்து மக்களின் நெடுநாளைய வழக்கம். மாலை வழிபாட்டுக்கு உரியவள் கொடியிடையாள். ஆகவே, கதிரவன் மேற்கே ஆவடிப் பக்கம் சாயும் வேளையில் கூட்டம் கோயில் வாயிலில் நெருக்கி நிற்கும். அதே வேளையில் கிழக்கே அம்பத்தூர்க் கூரைகளுக்கு மேலே முழுநிலா எழும். எந்த நிலாவை முன்னிட்டு அத்தனை பேரும் வந்தனரோ, அந்த நிலாவை அண்ணாந்து பார்ப்பவர் எத்தனை பேர்? சுவரொட்டி 'பௌர்ணமி' என்கிறது. ஒலிபெருக்கி 'பூர்ணசந்திரன்' என்கிறது. இளைஞன் வாய் 'புல்மூன்' என்கிறது. நிலா என்னும் நம் சொல்லோ கேட்பாரற்று வானத்தில் தனியே நிற்கிறது!

திருமுல்லைவாயில் என்னும் ஊர்ப்பெயரே ஒரு மாலைப்பொழுதின் பெயர் அன்றோ? முல்லை மாலையில் மலரும் பூ. தொல்காப்பியர் முல்லைத் திணைக்குக் கார்காலத்தைப் பெரும்பொழுதாகவும் மாலையைச் சிறுபொழுதாகவும் வகுத்தார். தொண்டைமானின் யானைக்கால்களை முல்லைக்கொடிகள் சுற்றிப் பிணித்தன என்பது இவ்வூர்க் கோயில் வரலாறு. சுந்தரர் பாடிய ஊர் இது. பக்கத்து ஆவடியின் பெயரில் முன்னிற்பது முல்லைநிலத்து ஆவைக் குறிக்கும் 'ஆ' என்பர். தெற்கே பூவிருந்தவல்லியில் தோன்றிய திருக்கச்சிநம்பி, தம் தோட்டத்துப் பூக்களைத் தொடுத்துக் காஞ்சித் திருமாலுக்குச் சூட்டினார் என்பது மரபு. ஆவும் முல்லையும் பூந்தோட்டமும் கூடிய நிலம் இது. இங்கே நிலாவுக்கு விழா எடுக்க எவரும் எவரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை.

அத்தகைய மண்ணில் இன்று நடப்பது என்ன? பள்ளித் தோட்டங்களிலும் பூங்காக்களிலும் மொட்டைமாடிகளிலும் நிலா நாளில் கூடி உண்பதும் பாட்டரங்கு நடத்துவதும் தமிழகமெங்கும் காணும் வழக்கம். ஆவடியிலும் பருத்திப்பட்டு ஏரிக்கரை 2019இல் பூங்காவாகிவிட்டது; கூடுவதற்கு இடத்துக்குக் குறைவில்லை. கூடுவது நன்றே. ஆனால் கூடிய இடத்தில் பாடப்படுவது எது? 'சந்திரனே', 'நட்சத்திரக் கூட்டமே', 'ஆகாய கங்கையே' என்று வடசொற் குவியல் ஒருபுறம். பெண்ணின் முகம் நிலா, நிலா பெண்ணின் முகம் என்று தேய்ந்த உவமை மறுபுறம். இவற்றினும் கொடியது மூன்றாவது ஒன்று. மாலையில் கீழ்வானில் இளம்பிறை எழுந்ததாகப் பாடுவோர் இருக்கின்றனர். நள்ளிரவில் கடலிலிருந்து முழுநிலா எழுந்ததாகப் பாடுவோரும் இருக்கின்றனர். வளர்பிறைக் கீற்று மாலையில் மேல்வானில் தோன்றி, கதிரவனைத் தொடர்ந்து விரைவில் மறையும். முழுநிலா கதிர் மறையும் பொழுதில் எழுந்து, நள்ளிரவில் உச்சியை அடைந்து, விடியலில் மறையும். இதை அறிய நூலறிவு வேண்டா. ஒரு திங்கள் முழுதும் நிமிர்ந்து பார்க்கும் கழுத்து போதும். அந்தக் கழுத்துத்தான் நம் பாவலர்க்கு இல்லாமற் போயிற்று!

பாவேந்தர் பாரதிதாசன் 1937இல் எழுதிய 'புரட்சிக்கவி'யை இங்கே நினைவிற் கொள்க. அரசன் மகள் அமுதவல்லிக்கு யாப்புக் கற்பிக்க வருகிறான் பாவலன் உதாரன். இருவரும் ஒருவரையொருவர் காணாதிருக்க நடுவே திரை கட்டப்படுகிறது. அவன் கண்ணில்லாதவன் என்று அவளுக்கும், அவள் தொழுநோயாளி என்று அவனுக்கும் பொய் சொல்லப்படுகிறது. ஒரு முழுநிலா இரவில், சோலையில், உதாரன் வானத்தைக் கண்டு பாடுகிறான். கண்ணில்லாதவன் நிலாவை இவ்வாறு பாட முடியுமா என்று அவள் திரையை விலக்குகிறாள். அரசனின் சூழ்ச்சியை உடைத்தது வாளன்று, நிலாப்பாட்டு. கண் உண்டு என்பதற்கு நிலாப்பாட்டே சான்றாயிற்று. இன்றைய பாட்டரங்கு நிலாப்பாட்டுகளை அமுதவல்லி திரைக்குப் பின்னிருந்து கேட்டால் என்ன நினைப்பாள்? தந்தை சொன்னது மெய்தான் என்று திரையை இன்னும் இழுத்து மூடிக்கொள்வாள்!

கழக இலக்கியப் பாவலர் நிலாவைக் கண்டு பாடியவர்கள். வெண்ணிப் போரில் முதுகிற் புண்பட்டு வடக்கிருந்த சேரமான் பெருஞ்சேரலாதனைப் பற்றிக் கழாத்தலையார் பாடிய பாட்டு புறநானூற்றில் 65ஆவது. முழுநிலா நாள் மாலையில் இருசுடரும் எதிரெதிர் நோக்க, ஒன்று மலையில் மறையும் காட்சியை அதில் உவமையாக வைக்கிறார் அவர். இரு வேந்தர் எதிர்நின்ற களத்துக்கு இதனினும் பொருந்திய உவமை உண்டோ? கதிரும் நிலாவும் நேர் எதிரில் நின்றால்தான் நிலா முழுமையுறும் என்னும் வானியல் உண்மை அந்த உவமைக்குள் அடங்கிக் கிடக்கிறது. பாரி மகளிர் பாடிய 112ஆம் பாட்டில் உவமையே இல்லை. போன முழுநிலாவுக்கும் இந்த முழுநிலாவுக்கும் இடையே தந்தையையும் மலையையும் இழந்தனர் அவர்கள், அவ்வளவுதான் பாட்டு. நிலா அங்கே அழகுப்பொருள் அன்று. இழப்பை அளக்கும் கோல். இரண்டாயிரம் ஆண்டு கழிந்தும் அந்தச் சில அடிகள் படிப்பவர் நெஞ்சைப் பிசைகின்றன என்றால், அதற்குக் கரணியம் அவர்கள் நிலாவைப் பார்த்தார்கள் என்பதே.

கூடலூர் கிழார் பாடிய 229ஆம் பாட்டை எடுத்துக்கொள்க. பங்குனி இரவொன்றில் விண்மீன் ஒன்று எரிந்து வீழக் கண்டு, சேரமான் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்குக் கேடு வருமென அஞ்சினார் அவர். ஏழாம் நாள் வேந்தன் மறைந்தான். விண்மீன் வீழ்வதால் வேந்தன் சாவான் என்பதை இன்று அறிவுடையார் ஏற்கமாட்டார். ஆனால் அப்பாட்டில் அவர் வானத்தைக் காட்டும் திறம் வியப்புக்குரியது. எந்த மீன் உச்சியிலிருந்து சாய்ந்தது, எது எழுந்தது, எது மறையும் நிலையில் நின்றது என்று திசை திசையாகச் சொல்கிறார். அழல், முடப்பனை, குளம் என்னும் பெயர்களால் அவற்றைக் குறிக்கிறார். இவை முறையே கார்த்திகை, அனுடம், புனர்பூசம் என்பர் உரையாசிரியர். வளைந்த பனைபோல் நிற்கும் மீன்கூட்டத்தை முடப்பனை என்றனர் நம் முன்னோர். அந்தப் பெயரைக் கேட்ட குழந்தை வானத்தில் பனையைத் தேடும், கண்டுகொள்ளும். 'அனுராதா' என்னும் பெயரைக் கேட்ட குழந்தை எதைத் தேடும்?

சொல் வெறும் ஒலியன்று. அது ஒரு காட்சி. 'நட்சத்திரம்' என்று சொல்லும் நாவுக்கு வானம் வெறும் புள்ளிக் கூட்டம். 'விண்மீன்' என்று சொன்னால் இருள்வானம் நீர்நிலையாகிறது. மின்னுவன எல்லாம் நீந்துகின்றன. மின் என்னும் ஒளிச்சொல்லும் மீன் என்னும் உயிர்ச்சொல்லும் நம் மொழியில் இவ்வளவு நெருங்கி நிற்பதைக் கண்டுதான், சிந்துவெளி முத்திரைகளிலுள்ள மீன்குறி விண்மீனைக் குறிக்கலாம் என்னும் கருதுகோளை ஈராசு அடிகளார் முன்வைத்தார். பின்லாந்து அறிஞர் அசுக்கோ பர்ப்போலா அதனை விரித்தார். ஆறு கோடு சேர்ந்த மீன்குறியை 'அறுமீன்' என்று அவர் படித்தார். அவ்வெழுத்து இன்னும் முடிந்த முடிபாகப் படிக்கப்படவில்லை. ஆயினும் உலகறிஞர் திறக்க முயலும் பூட்டுக்குத் திறவுகோலாக எண்ணப்படும் சொல்லை, அதற்குரிய மக்களே தெருவில் எறிந்துவிட்டு 'ஸ்டார்' என்று பிதற்றுவது எத்துணை இழிவு!

இன்னும் நுட்பமான ஒன்றும் உண்டு. பட்டினப்பாலை நாள்மீனையும் கோள்மீனையும் வேறு பிரித்துக் கூறுகிறது. கோள்மீன் இடம்பெயரும், நாள்மீன் பெயராது. நிலா ஒரு மீன் அருகில் தொடங்கி மீண்டும் அதே மீனை அடைய ஏறத்தாழ 27 நாள் ஆகும். ஒவ்வோர் இரவும் அது தங்கும் மீனே அந்த நாளுக்கு அடையாளம். ஆகவேதான் 'நாள்' என்னும் ஒரே சொல் பகலிரவையும் குறித்தது, விண்மீனையும் குறித்தது. மலையாள நாட்டில் பிறந்த மீனை இன்றும் 'நாள்' என்றே கேட்கின்றனர். முழுநிலாவிலிருந்து அடுத்த முழுநிலாவுக்கு ஏறத்தாழ 29½ நாள். அந்தக் காலவளவே திங்கள். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் நாட்பெயர்க்கும் திங்கட்பெயர்க்கும் தனித்தனியே புணர்ச்சி விதி வகுத்தார். முழுநிலா வெள்ளுவா; மறைநிலா காருவா. இத்தனை செப்பமான கணக்குச் சொற்களைக் கைவிட்டு, 'மாசம், நட்சத்திரம், பௌர்ணமி, அமாவாசை' என்று இரவல் சட்டை போட்டுக்கொண்டவன், தன் வீட்டு நாள்காட்டியையே பிறர் படித்துச் சொல்லக் கேட்கும் நிலைக்கு வந்தான். நாளும் கோளும் அவன் கையைவிட்டுப் போயின. நாள் பார்த்துச் சொல்வோன் அவன் வீட்டு வாயிலில் வந்து அமர்ந்தான். இழந்தது சொல் மட்டுமன்று. தன் காலத்தைத் தானே அளக்கும் உரிமை!

நிலா நாளில் சோலையில் கூடுவது தமிழர்க்கு எத்துணைப் பழமையானது என்பதற்குப் புகார் நகரமே சான்று. மேழமாகிய சித்திரைத் திங்களில், முழுநிலாவைச் சார்ந்து, 28 நாள் நடந்த பெருவிழா அது. இந்திர விழா என்று பின்னர் வழங்கினும், மருதநிலத்து வேந்தனுக்குத் தமிழர் எடுத்த விழாவே அது என்பர் தமிழறிஞர். உவாநாள் வந்ததும் மக்கள் கடலாடச் சென்றதைச் சிலம்பு காட்டுகிறது. விழா நாளில் மணிமேகலை மலர் கொய்யப் புகுந்தது உவவனம் என்னும் சோலை. அந்தி நீங்கியபின் நிலா எழுந்த காட்சியைச் சாத்தனார் பாடுகிறார். இளங்கோவடிகளோ தம் நூலைத் திங்களை வாழ்த்தியே தொடங்கினார். அதன் பின்னரே கதிரும் மழையும். அகநானூற்று 141ஆம் பாட்டில், முழுநிலா அறுமீனைச் சேரும் இரவில் தெருவெங்கும் விளக்கு நிரைத்து மாலை தொங்கவிட்ட விழாவை நக்கீரர் பாடுகிறார். வானத்தைப் பார்த்து நாள் குறித்து, மண்ணில் விளக்கேற்றிய இனம் இது!

"பெயரில் என்ன இருக்கிறது? சந்திரன் என்றாலும் நிலா என்றாலும் ஒளி ஒன்றுதானே?" என்று வினவுவார் உளர். அவர்க்கு விடை எளிது. ஒளி ஒன்றேயெனில், தம் சொல்லை விடுத்துப் பிறர் சொல்லைப் பற்றுவதற்கு மட்டும் கரணியம் எங்கிருந்து வந்தது? இன்னும் சிலர் நூலறிவு காட்டுவர். "நெடுநல்வாடையிலேயே உரோகிணி என்னும் சொல் உண்டே, அரசி கட்டிலின் மேல் விதானத்தில் நிலாவோடு தீட்டப்பட்ட மீனுக்கு அப்பெயர்தானே?" என்பர். உண்டு; மறுப்பார் இல்லை. ஒன்றிரண்டு சொல் விருந்தினராய் வந்தன. விருந்தினர்க்கு இலை போடுவது பண்பாடு. ஆனால் விருந்தினர் வந்ததும் வீட்டுக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு தெருவில் படுப்பது எந்த ஊர்ப் பண்பாடு?

மேலும் சிலர், "தனித்தமிழ் நடைமுறைக்கு ஒவ்வாது" என்று பழைய பல்லவி பாடுவர். 'செயற்கைக்கோள்' என்று செய்தி படிப்பவர் நாள்தோறும் சொல்கின்றனரே, எவர் நாக்கேனும் சுளுக்கிக்கொண்டதா? சித்திரா பௌர்ணமி என்று வழங்கியது சித்திரை முழுநிலவு என்று சுவரொட்டிகளில் இடம்பெறுகிறதே, விழாவின் பெருமை எள்ளளவும் குறைந்ததா? வழங்கினால் வாழும், வழங்காவிடில் வீழும். சொல்லின் வாழ்வு நாவில் உள்ளது.

கடல் கடந்தும் பார்க்கலாம். சப்பானியர் சீனத்திலிருந்து எழுத்தையும் எண்ணற்ற சொற்களையும் கொண்டனர். ஆயினும் நிலா காணும் விழாவுக்கு அவர்கள் வழங்கும் 'சுக்கிமி' என்னும் பெயர் தம் சொந்தச் சொல். நிலாவைக் காணல் என்பதே அதன் பொருள். நிலாவைக் குறிக்கும் 'சுக்கி' திங்களையும் குறிக்கும், நம் 'திங்கள்' போலவே. தோக்கியோ நகரின் முக்கோசிமாவில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைந்த பழம் பூந்தோட்டம் ஒன்றில் பாட்டு வெட்டிய கற்கள் நிற்கின்றன; இலையுதிர்காலம் தோறும் அங்கே நிலா காண மக்கள் கூடுகின்றனர். உயர்ந்த மாடிகளும் மின்விளக்கும் அம்பத்தூரிலும் ஆவடியிலும் இருப்பதைவிட அங்கே குறைவோ? அவர்கள் கடன் வாங்கினர். ஆனால் நிலாவை அடகு வைக்கவில்லை.

இங்கோ நிலாவையே சென்றடைந்த பின்னும் அடகு தீரவில்லை. 2008இல் நிலாவுக்கு ஏவிய முதற்கலத்தின் திட்ட இயக்குநர் கொங்குநாட்டு மயில்சாமி அண்ணாதுரை. 2023 ஆகத்து 23இல் நிலாவின் தென்முனைப் பக்கம் தரையிறங்கிய கலத்தின் திட்ட இயக்குநர் விழுப்புரத்து வீரமுத்துவேல். நிலாமண்ணை ஒத்த மண் ஆய்வுக்கு வேண்டுமென்றபோது, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பக்கத்துப் பாறைகளே பொடியாகிப் போயின. அறிவு தமிழன் அறிவு, மண் தமிழ்மண். பெயர் மட்டும் 'சந்திரயான்'! தரையிறங்கியது 'விக்ரம்', உருண்டது 'பிரக்யான்'. உழைத்தவனைக் குறைகூற இதில் ஒன்றுமில்லை. அவர்தம் பெருமை நிலாவுள்ளளவும் நிற்கும். பெயர்சூட்டு நாளில் தமிழின் பெயர் எவர் நினைவிலும் எழாததே குறை. அதைக் கேட்க வேண்டிய தமிழ்நாட்டு மேடைகளும் 'சந்திரயானே வாழ்க' என்று பாட்டரங்கு நடத்தியதே பெருங்குறை.

பழியைப் பிறர் தலையில் மட்டும் சுமத்திவிட்டுத் தனித்தமிழன்பர் தப்பிக்கொள்ளவும் இயலாது. தனித்தமிழ் இயக்கம் பிறந்ததே ஒரு தோட்டத்தில் என்பது பலரும் அறிந்த செய்தி. 1916இல், பல்லாவரத்துத் தம் இல்லத் தோட்டத்தில் மகள் நீலாம்பிகையோடு உலவிய மறைமலையடிகள், வள்ளலார் பாட்டொன்றைப் பாடி வருகையில், அதிலுள்ள 'தேகம்' என்னும் சொல்லின் இடத்தில் 'யாக்கை' என்னும் தமிழ்ச்சொல் இருந்தால் எத்துணை இனிமை என்று கூறினார். தோட்டம், பாட்டு, ஒரு சொல்: இம்மூன்றிலிருந்து ஓர் இயக்கம் எழுந்தது. ஆனால் இன்று தனித்தமிழன்பர் சிலர் 'சந்திரன்' என்பதை அடித்து 'நிலா' என்று எழுதிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுகின்றனர். சொல்லை மீட்டுக் காட்சியை மீட்காதவன், பெட்டியை மீட்டுப் பொன்னைத் தொலைத்தவன். முழுநிலா எப்பொழுது எழும் என்று அறியாதவன் வெள்ளுவா என்று எழுதினாலும் அது இறந்த சொல்லே.

ஆகவே செய்யத்தக்கது சிறிது, பயனோ பெரிது. திருமுல்லைவாயில், ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி வட்டாரத்துத் தமிழ் மன்றங்களும் பள்ளிகளும் திங்கள்தோறும் வெள்ளுவா நாளில் ஒரு பூங்காவிலோ ஏரிக்கரையிலோ கதிர் மறையுமுன் கூடுக. மேற்கே மறைவதையும் கிழக்கே எழுவதையும் ஒருசேரக் குழந்தைகளுக்குக் காட்டுக. அரை நாழிகையேனும் விளக்கை அணைத்து வைக்க. அறுமீனையும் முடப்பனையையும் வெள்ளியையும் செவ்வாயையும் எது நாள்மீன், எது கோள்மீன் என்று பெயர் சொல்லிக் காட்டுக. தெருவிளக்கின் ஒளியில் சிறுமீன்கள் புலப்படாவிடினும் நிலாவும் கோள்மீன்களும் புலப்படும். தொடங்குவதற்கு அவையே போதும். அதன் பின்னரே பாட்டரங்கு தொடங்குக. கண்டதைப் பாடுக, காணாததைப் பாடற்க. அழைப்பிதழில் 'பௌர்ணமி'யும் 'சந்திரனும்' நுழையவிடற்க. ஓராண்டில் 12 முழுநிலா கண்ட குழந்தை, கழாத்தலையாரின் உவமையை உரையின்றியே உணரும். அந்தக் குழந்தைக்குத் தமிழ் தேர்வுத்தாளில் மட்டும் வாழும் மொழியாய் இராது. தலைக்குமேல் வாழும் மொழியாய் இருக்கும்.

மகனை இழந்த துயரில் நெடுமுடிக்கிள்ளி விழாவை மறந்தான். புகாரைக் கடல் கொண்டது என்கிறது மணிமேகலை. மறந்த விழாவுக்கு ஒரு நகரே விலையாயிற்று என்பது அக்கதையின் உட்பொருள். திருமுல்லைவாயிலுக்குக் கடல் வரப்போவதில்லை. சொல்லை மறந்த ஊரைக் கொள்ளக் கடல் எதற்கு? அடுத்த வெள்ளுவாவிலும் ஆவடிப் பக்கம் கதிர் சாயும். அம்பத்தூர்ப் பக்கம் திங்கள் எழும். அதனை அதன் பெயரால் அழைக்கத் தமிழன் நிமிர்வானா என்பதே வினா.